ஹலால் சொன்ன வாய்

இது நடந்தது. கதை கட்ட எனக்கு நேரமும் இல்லை, அதற்கு வேண்டிய மூளையும் இல்லை. இஸ்தான்புல்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் தூக்க மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிற ஆள் நான். நடந்தது எனக்கு இல்லை. என் அக்கா நெர்மினின் புருஷன் ஃபெரிதுனுக்கு. ஆனால் கடைசிப் பகுதிக்கு நானே சாட்சி.

ஃபெரிதுனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எதிர்பார்க்காதீர்கள். சுற்றுலா வழிகாட்டி. வயது ஐம்பத்து நான்கு. மீசைக்குச் சாயம், கழுத்தில் பட்டுத் துணி, நடையில் ஒரு சுல்தான் தோரணை. அவனைத் தவிர உலகத்தில் எல்லாரும் மடையர்கள். தனக்குச் சோறு போடும் வெளிநாட்டுக்காரர்களை அவன் 'ஆடுகள்' என்பான். "இன்னிக்கு ஒன்பது ஆடு" என்பான். என்னைப் பார்த்தால், "வாங்க, இருமல் டானிக்!" இருபத்திரண்டு வருடமாக அதே ஒரு நகைச்சுவை. அக்காவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

அவன் ஏளனம் செய்யாத ஒரே ஆள் அவனுடைய தம்பி ஒக்தாய்.

ஒக்தாய் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனான். எதிர்னே ஊருக்குப் போகும் சாலையில், நல்ல மழையில், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தவனை ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அடித்தவன் நின்று தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். கிடந்தவன் காலில் வலது ஷூ மட்டும் இருந்தது. இடது ஷூவைப் போலீஸ் தேடியது, நாங்களும் தேடினோம். கிடைக்கவில்லை. அந்த ஷூக்களின் கயிறு அறுந்துபோய், அவனுடைய அம்மா பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டும் நீலக் கயிற்றைக் கோத்துக் கொடுத்திருந்தாள். வலது ஷூவை ஃபெரிதுன் துணியில் சுற்றித் தன் அலமாரி மேல் வைத்திருக்கிறான்.

அம்மா சாகும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அடிச்சிட்டு ஓடினவன் யாரா இருந்தாலும் அவனுக்கு மட்டும் ஹலால் சொல்லிடாதே. உன் வாயால சொல்லிடாதே."

சத்தியம் செய்தான்.

இது வெறும் பேச்சு இல்லை. கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். மனுஷனுக்குச் செய்த தீங்கை அந்த மனுஷனோ அவனைச் சேர்ந்தவர்களோதான் மன்னிக்க வேண்டும், கடவுள்கூடக் குறுக்கே வரமாட்டார் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால்தான் ஒருவரைப் புதைக்கும் முன் இமாம் வந்திருப்பவர்களைப் பார்த்துக் கேட்பார்: இவர் உங்களுக்குத் தீங்கு செய்திருந்தால் அதை ஹலாலாக்கி விட்டுவிட்டீர்களா? மூன்று தடவை கேட்பார். மூன்று தடவையும் "ஹலால்" என்போம். சொன்னால் சொன்னதுதான். திரும்ப வாங்க முடியாது. செத்தவர் யாரென்றே தெரியாமல் வழியில் போகிறவன்கூட வரிசையில் நின்று சொல்லிவிட்டுப் போவான். முகம் தெரியாதவர் நமக்கு என்ன தீங்கு செய்திருக்கப் போகிறார் என்ற நினைப்புத்தான்.

போன நவம்பர். வியாழக்கிழமை. அன்று ஒன்பது ஜெர்மன்காரர்கள்.

மதியம் ஒரு மணிக்கு எதிர்னேயில் பொரித்த ஈரல் சாப்பிட்டார்கள். 2:50க்கு ஹுஸ்ரேவ் ஆகா பள்ளிவாசல். ஆற்றங்கரையில் இருக்கிறது. சுல்தான் கட்டியது இல்லை, சுல்தானிடம் வேலை பார்த்த ஒருவர் கட்டியது. ஆகவே ஃபெரிதுனுக்கு அதன் மேல் மரியாதை கிடையாது. பெரிய பள்ளிவாசல்களில் கூட்டம், இங்கே பதினைந்து நிமிடத்தில் ஆடுகளை ஓட்டிவிடலாம். அவ்வளவுதான் அவனுடைய கலை ரசனை.

வாசலில் செருப்பு அலமாரி. மூன்றாவது தட்டில் ஒற்றை ஷூ. இடது கால் ஷூ.

நனைந்திருந்தது. சொட்டு... சொட்டு... என்று கீழ்த்தட்டில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எதிர்னேயில் பத்து நாளாக மழை இல்லை.

ஃபெரிதுன் கைக்குட்டையை விரித்து, அதை இரண்டு விரலால் தூக்கினான். அவன் பார்த்தது ஷூவை இல்லை; தன் ரசிகர்களை.

"பாருங்க. ஒத்தக்காலன் ஒருத்தன் தொழ வந்திருக்கான். இன்னொரு காலுக்கு ஆண்டவன்கிட்ட மனு போடப் போறான்போல."

சிரித்தார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு என்ன, காசு கொடுத்த பயணத்தில் எதற்கும் சிரிப்பார்கள். கெர்டா என்ற ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபெரிதுன் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டான். தொப். அது இருந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்து, பளபளவென்றிருந்த தன் ஷூக்களை வைத்தான். கைக்குட்டையையும் தொட்டியில் எறிந்தான்.

3:05. உள்ளே வேறு யாரும் இல்லை. சுவரில் பதித்த ஓடுகளின் பூக்களைக் காட்டி, வழக்கமான பொய்களை வழக்கமான இடங்களில் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தான்.

டக்.

பேச்சை நிறுத்தினான்.

உள்ளே சுவரிலிருந்து சுவர் வரை கம்பளம். காலை ஓங்கி வைத்தாலும் சத்தம் வராது. இது கல்தரையில் ஷூ வைக்கும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி...

டக்.

ஒரு கால் மட்டும். மற்ற காலுக்குச் சத்தமே இல்லை.

"யாரது, ஷூவோட உள்ள வந்தது? வாசல்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

எல்லாரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். எல்லாம் காலுறை. கெர்டாவின் காலுறையில் ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து ஃபெரிதுன் உதட்டைச் சுளித்தான்.

தலைகளை எண்ணினான். பத்து.

திரும்ப எண்ணினான். ஒன்பது. தூண் பக்கம் யாரோ நின்ற மாதிரி இருந்தது, தூண்தான்.

அப்போதுதான் கம்பளத்தைப் பார்த்தான். வாசலிலிருந்து ஈர வெறுங்கால் தடம். இடது கால் மட்டும். ஒன்று, ஒரு எட்டு விட்டு இன்னொன்று, அப்படியே வரிசையாக வந்து, அவன் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது. திரும்பிப் போன தடம் இல்லை.

மழையில் நனைந்த தார் ரோட்டு வாசனை வந்தது.

"தொழறதுக்கு முன்னால கை கால் கழுவி ஒளூ செஞ்சா காலைத் துடைக்கத் தெரியாத ஜனம்" என்று ஜெர்மன்காரர்களிடம் சொன்னான். தன் சொந்த ஜனத்தைத்தான் சொன்னான். அதில் அவனுக்குத் தனிச் சுகம்.

3:32க்குத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. வெளியே வந்தார்கள். முற்றத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்தது. மையத்துப் பெட்டி, அதாவது பிணப் பெட்டி, வைக்கிற கல்மேடையில் ஒரு பெட்டி. மேலே பச்சைத் துணி. எதிரே ஆறே பேர். ஆறு பேர் வரும் சாவு எப்படிப்பட்ட சாவு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாங்கு சொல்லும் வயதான மோதினார் ஃபெரிதுனைப் பார்த்துக் கையசைத்தார். "ஐயா, வரிசை ரொம்பச் சின்னதா இருக்கு. ரெண்டு நிமிஷம் வந்து நில்லுங்க. நன்மை கிடைக்கும்."

வேறு நாளாக இருந்தால் வண்டிக்கு நேரமாச்சு என்றிருப்பான். பெருநாள் தவிர நெற்றியைத் தரையில் வைக்காத ஆள். ஆனால் அன்று ஒன்பது ஆடுகள் பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் போய் நிக்கிறேன்" என்றான் அவர்களிடம். "வீடியோ எடுத்துக்குங்க. இதெல்லாம் ஹோட்டல்ல கிடைக்காது."

 யாரோ ஒருவரின் மையத்து. இவனுக்கு அது காட்சிப் பொருள்.

இரண்டாவது வரிசையில் தனியாக நின்றான். பின்னால் வெறும் முற்றம். "ஆண் மையத்துக்காக" என்றார் இமாம். பெயர் சொல்லவில்லை. சொல்வது வழக்கம் இல்லை. இவனும் கேட்கவில்லை.

தொழுகை முடிந்தது. 3:55. இமாம் திரும்பி நின்றார்.

"இவரை எப்படிப்பட்டவரா அறிஞ்சிருந்தீங்க?"

"நல்லவர்" என்று ஆறு பேரும் முணுமுணுத்தார்கள். ஃபெரிதுன் நெஞ்சில் கை வைத்து, கேமரா பக்கம் லேசாகத் திரும்பி, உரக்கச் சொன்னான். "நல்லவர்!"

"இவரு உங்களுக்கு ஏதும் தீங்கு செஞ்சிருந்தா, அதை ஹலாலாக்கி விட்டுட்டீங்களா?"

"ஹலால்."

டக்.

பின்னால்.

ஃபெரிதுன் திரும்பவில்லை. தொழ வந்தவன் எவனோ தாமதமாக வந்து நிற்கிறான் என்று நினைத்தான்.

"ஹலாலாக்கி விட்டுட்டீங்களா?"

"ஹலால்."

டக். இந்தத் தடவை குதிகாலுக்குப் பக்கத்தில். பிடரியில் ஈர மூச்சு.

"ஹலாலாக்கி... விட்டுட்டீங்களா?"

வாயைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை.

தாடை கனத்தது. உதடு சில்லிட்டது.

யாரோ பிடித்த மாதிரி.

மற்ற ஆறு பேரும் சொல்லி முடித்துவிட்டார்கள். இமாம் இவனையே பார்த்தார். கேமராக்கள் பார்த்தன. ஒன்பது ஆடுகளுக்கு முன்னால் ஃபெரிதுனுக்கு வாய் அடைப்பதா?

மூச்சை இழுத்து, மொத்த பலத்தையும் கூட்டிக் கத்தினான்.

"ஹலால்!"

முற்றத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

தாடை சட்டென்று லேசானது.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. கல்தரையில் ஒரே ஒரு ஈரத் தடம். இடது கால்.

4:25. வேன் ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்து உதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கெர்டா பின்னாலிருந்து குனிந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? உங்க பின்னால நின்னாரே ஒரு பையன், அவர் எதுக்கு உங்க வாயைப் பொத்தினார்? அதுவும் உங்க வழக்கமா?"

"எந்தப் பையன்?"

"நனைஞ்சு போயிருந்தாரே. ஒரு கால்ல மட்டும் ஷூ." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க அதோட ஜோடியைத்தான் குப்பையில போட்டீங்கன்னு நினைக்கிறேன். ரெண்டுலயும் ஒரே மாதிரி நீலக் கயிறு."

ஃபெரிதுன் வேனை நிறுத்தச் சொன்னான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லையாம். கதவைத் திறந்து இறங்கி, பட்டுத் துணி பறக்க, பள்ளிவாசல் வரை ஓடியிருக்கிறான். பதினோரு நிமிடம். தன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டான்.

தொட்டி காலி. நாலரைக்கு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

பெட்டியும் போய்விட்டது.

"யாரு செத்தது?" என்று மோதினாரின் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறான்.

"ஷாகிர்னு ஒருத்தர், ஐயா. மர லாரி ஓட்டிக்கிட்டிருந்தார். யாரோடயும் பேச்சு வச்சுக்க மாட்டார்."

தன் விலாச அட்டையை அவர் கையில் திணித்தான். "ஒத்த ஷூ ஒண்ணை யாராவது தேடி வந்தா என்கிட்ட அனுப்புங்க." அட்டையில் தங்க எழுத்தில் அவன் பெயர். அன்று அதில் குப்பைக் கறை.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். கெர்டா அனுப்பி வைத்தாள். அவன் பின்னால் யாரும் இல்லை, வெறும் முற்றம்தான். ஆனால் மூன்றாவது தடவை கத்துவதற்கு முன்னால், அவன் கன்னம் உள்ளே அமுங்குகிறது. இடப் பக்கம் நான்கு குழி. வலப் பக்கம் ஒன்று.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அக்கா என்னை வரச் சொன்னாள். போனேன். வரவேற்பறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் மெலாஹத். ஷாகிரின் மகள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அவள் தொடவில்லை. ஃபெரிதுன் எதிரே உட்கார்ந்திருந்தான். மீசையில் சாயம் இல்லை. முழு வெள்ளை. என்னைப் பார்த்து இருமல் டானிக் என்று சொல்லவில்லை. அவன் சொல்லியிருக்கக் கூடாதா என்று முதல் தடவையாக நினைத்தேன்.

"சாகறதுக்கு முந்தின நாள்தான் அப்பா சொன்னார்" என்றாள் அவள். "மழையில அடிச்சிட்டேன், பயத்துல நிக்கலைன்னார். மறுநாள் லாரிக்கு அடியில அந்த ஷூ மாட்டிக்கிட்டிருந்ததாம். தூக்கிப் போடவும் மனசு வரல, கொண்டுபோய்க் கொடுக்கவும் தைரியம் வரல. பெட்டியில வச்சுப் பூட்டிட்டார்."

அக்கா ஆறின கோப்பையை எடுத்துவிட்டு வேறு தேநீர் வைத்தாள்.

"வியாழக்கிழமை காலைல, வழக்கப்படி அவரோட ஷூக்களை வாசலுக்கு வெளியே வச்சேன்."

செத்தவரின் ஷூக்களை வீட்டு வாசலில் வைப்போம். இல்லாதவர்கள் யாராவது எடுத்துக்கொள்வார்கள். எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

"அந்த ஒத்த ஷூவை வீட்டுக்குள்ள வச்சுக்கப் பயமா இருந்தது. அதையும் கூட வச்சுட்டேன். மதியம் பார்த்தா நாலு ஜோடியும் அப்படியே இருக்கு. அது மட்டும் இல்ல. ஒத்த ஷூவை யாருங்க எடுப்பாங்க? மனசு உறுத்திச்சு. யாராவது அங்க கொண்டுபோய் வச்சிருப்பாங்களோன்னு பள்ளிவாசல்ல போய்க் கேட்டேன். உங்க அட்டையைக் கொடுத்தாங்க."

ஃபெரிதுன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நீ அங்க இருந்தியா? நான் சொன்னப்போ?"

"பொம்பளைங்க முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தோம். யாரோ ஒருத்தர் சத்தமா ஹலால்னு சொன்னது கேட்டுச்சு. ஆறு பேர்தானே வந்திருக்காங்கன்னு அழுதுக்கிட்டிருந்தேன். இவ்வளவு மனசோட சொல்றாரே, யாரோ அப்பாவுக்கு வேண்டியவர்னு நினைச்சேன்." அவள் கண்ணில் தண்ணீர். "நீங்கதான்னு இப்பத்தான் தெரியுது. உங்க கையைக் கண்ணுல ஒத்திக்கணும், அண்ணே. அன்னியிலருந்து எங்க வீட்டுல நிம்மதி."

"என்ன நிம்மதி?"

"பன்னிரண்டு வருஷமா தினமும் அஸருக்கு அப்புறம் மாடி நடையில ஒரு சத்தம் வரும். ஒத்தக் கால்ல ஷூ போட்டு நடக்கற மாதிரி. விளக்கு வைக்கற நேரம் வரைக்கும். அந்த நேரத்துல அப்பா வீட்டுலயே இருக்க மாட்டார், டீக்கடைக்குப் போயிடுவார். எங்களுக்குக் காரணம் தெரியாது. நீங்க ஹலால் சொன்ன நாளோட அது போயிடுச்சு."

அவள் அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஃபெரிதுன் அந்தக் கையை இழுத்துக்கொள்ளக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வருடமாக நான் வெறுத்த மனுஷன். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் கிளம்பிப் போனாள். மணி 3:40.

3:44க்கு அழைப்பு மணி. கீழ் வீட்டு ஜெலால் சார். முகத்தில் கடுகடுப்பு.

"நெர்மின், நானும் சொல்ல வேண்டாம்னுதான் பொறுத்துக்கிட்டிருந்தேன். வீட்டுக்குள்ள யாரும்மா ஷூ போட்டு நடக்கறது? நாகரிகம் தெரிஞ்சவங்க செய்யற காரியமா இது? பத்து நாளாச்சு, சாயங்காலமானா இதே ரோதனை. அதுவும் ஒத்தக் கால்ல!"

எங்கள் வீடுகளில் வாசலைத் தாண்டி யாரும் ஷூ போட்டு வருவதில்லை. நான் என் காலைப் பார்த்தேன். அக்கா தன் காலைப் பார்த்தாள்.

காலுறை.

ஃபெரிதுன் நாற்காலியில் ஏறி அலமாரி மேல் கையை விட்டான். துணி இருந்தது. மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"ஒக்தாய்..." என்றான். அவனிடம் நான் அதுவரை கேட்காத குரல். "தெரியாம சொல்லிட்டேன்டா, தம்பி. நீ எனக்கு ஹலால் சொல்லிடுடா. ஒரு தடவை சொல்லு..."

உயிரோடு இருப்பவன்தான் ஹலால் சொல்ல முடியும். அது அவனுக்கும் தெரியும்.

நடையில் விளக்கு எரிந்தது. யாரும் இல்லை. ஜெலால் சார் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், அவர் காதிலும் விழுந்தது.

டக்.